பார்த்தவர்கள் பட்டியலில் மாமா

எங்கள் நாடகத்துக்குக் கூட்டம் வந்தது. சமுதாயக் கூடத்தில் நாற்காலி போதாமல் பாதிப் பேர் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்தார்கள். வெளியே நின்றவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கூட்டம் வருமா வராதா என்று நீங்கள் கடைசிவரை கவலைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அந்தக் கவலை அவ்வளவாக இருக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆளை நேரில் போய்க் கூப்பிட வாய் வராததால்தான் மலை முழுவதற்கும் செல்போனில் விளம்பரம் செய்தேன்.

அந்த ஆள் என் அக்காவின் வீட்டுக்காரர். எனக்கு மாமா முறை. அக்காவைக் கட்டிக்கொடுத்தது எடப்புளி நாட்டில். நான் வாழ்க்கைப்பட்டது வளப்பூர் நாட்டில். எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி. மாமா லாரி ஓட்டுகிறவர். மலையில் தோண்டுகிற குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, ஏற்றிக்கொண்டு, அத்தனை வளைவும் இறங்கி, காளப்பநாயக்கன்பட்டி வழியாக ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுபோவார். யார் மனமும் நோகக்கூடாது என்று நினைக்கிற மனிதர். அதனால் எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்.

"ஆமாங்க... ஆனா இல்லீங்க."

மழை வருமா மாமா? ஆமாங்க... ஆனா இல்லீங்க. சாப்பிட்டீங்களா? ஆமாங்க... ஆனா இல்லீங்க. அதாவது மழை வரும், ஆனால் பெரிதாக வராது. சாப்பிட்டாயிற்று, ஆனால் நீங்கள் கொடுத்தால் இன்னும் ஒரு வாய் சாப்பிடலாம். கட்டியிருக்கும் ஆட்டிடம்கூட அவர் அப்படித்தான் பேசுவார். அவர்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. கிழக்கு வேலியோரம் ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அங்கே போய் செல்லைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, குதிகாலை உயர்த்தி, கோழி வேலி தாண்டுகிற மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்து வைப்பார். இப்படி ஒரு மனிதரை அக்கா வீட்டுக்காரராகக் கொடுத்துவிட்டு, நடிக்கிறவள் ஒருத்தியை மச்சினியாகவும் கொடுத்தால் என்ன ஆகும்?

நாங்கள் நாடகம் போட ஆரம்பித்தது மகளிர் குழுவில்தான். கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போக மனசில்லாமல் பேசிக்கொண்டிருப்போம். பேச்சு மிமிக்ரியாகி, மிமிக்ரி நாடகமாகிவிட்டது. ஆறு பெண்கள். ஆம்பளை வேஷமும் நாங்களே கட்டுவோம். அங்கன்வாடி டீச்சர் எங்களுக்கு டைரக்டர். குரலை உயர்த்தாமலே ஒரு கூடம் நிறையக் குழந்தைகளைத் தூங்கவைக்கிறவருக்கு நாங்கள் ஆறு பேர் எம்மாத்திரம்? எழுதுவது நான். பெரிய வேஷத்தை எனக்கே எழுதிக்கொள்வதும் நான்தான். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயில் திருவிழாவில் நாடகம் போட்டோம். அதில் ஒரு லாரிக்காரர் வேஷம் எனக்கு. மீசை ஒட்டி, துண்டைத் தோளில் போட்டு, செல்லைத் தூக்கிப் பிடித்துக் கோழி நடை நடந்து, "ஆமாங்க... ஆனா இல்லீங்க" என்றேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் மைக்கே கேட்காமல்போய், மைக் செட்காரர் கரண்ட்தான் போய்விட்டது என்று நினைத்து ஓடி வந்தார். மாமா அன்றைக்கு லோடு இறக்கப் போயிருந்தார். அவர் எதிரில் இருந்திருந்தால் நானே கொஞ்சம் அடக்கி வாசித்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் அதைச் செல்லில் பிடித்தார். அவர் எடுக்கிற எந்தப் படத்திலும் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் இருக்கும். அதுதான் அவர் கையெழுத்து. மறுநாள் காலை நான் பாறை ஏறினேன். எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது, சிக்னல் அங்கேதான் கிடைக்கும். கல்யாணப் பேச்சு, மிளகு விலை, ஆஸ்பத்திரிச் சேதி எல்லாம் அந்தப் பாறைமேல் நின்றுதான். அங்கே நின்று அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். கூடவே சிரிக்கிற பொம்மை ஆறு. ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். ஆறு போட்டேன்.

மதியத்துக்குள் அது செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. சாயந்திரத்துக்குள் மலை இறங்கி, காளப்பநாயக்கன்பட்டி எடைமேடைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மாமாவின் லாரி அதற்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. எடை போடுகிறவர், "லோடு சரிதானுங்களா?" என்று கேட்டாராம். மாமா வாய் திறப்பதற்குள் அங்கே நின்றிருந்த அத்தனை பேரும் சேர்ந்து, "ஆமாங்க... ஆனா இல்லீங்க" என்றார்களாம்.

நான் தினமும் அதையே திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன். நாலு நாள் கழித்து அக்கா வேலியோரம் நின்று போன் செய்தாள்.

"அந்தப் படத்தை எடுத்துரு புள்ள. மனுசன் டீக்கடைக்குக்கூடப் போகமாட்டீங்கறாரு."

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? சரி அக்கா என்று சொல்லியிருக்கவேண்டும். "நாடகம்னா அப்படித்தான்க்கா. மலையெல்லாம் மாமாவுக்குப் பேரு கிடைச்சிருக்குது, அதுக்குச் சந்தோசப்படாம..." என்றேன்.

"உம்பட ஊட்டுக்காரரை வெச்சு ஒரு நாடகம் போட்டு இப்படி ஊரெல்லாம் அனுப்பு பாக்கலாம்" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. நியாயமில்லாமல் பேசியிருந்தால் அன்றைக்கே சமாதானமாகியிருப்பேன்.

அதற்குப் பிறகு மாமா அந்த வார்த்தையைச் சொல்வதையே விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்ததை நான் இன்னொருத்தியின் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாறைமேல் நின்று அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெண்ணுக்கு என் அக்காவின் முகம். எங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது? அழுதுகொண்டேதான் இறங்கினேன். பாறை வழுக்கியது என்று வீட்டில் சொன்னேன்.

இந்த மாசியில் புது நாடகம் தயாரானது. பெயர் "எட்டரை பஸ்". காலை எட்டரைக்கு வரவேண்டிய பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் காத்திருக்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடியும் சண்டை போடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. எங்கள் மலையில் இதற்குக் கற்பனையே தேவையில்லை. திருவிழா இல்லாத நாளில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாடகத்துக்காக மட்டுமே ஜனங்கள் வரவேண்டும் என்று டீச்சர் ஆசைப்பட்டார். திருவிழாவில் சாமிக்கு வந்த கூட்டத்தைக் காட்டி நம் கூட்டம் என்று சொல்லிக்கொள்வது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப ஜனங்களுக்கு எப்படிச் சொல்றதுங்க டீச்சர்?"

"எல்லார் கையிலயும் செல்லு இருக்குது. நீதான் அதுல கெட்டிக்காரியாச்சே" என்றார். அவர் குத்தலாகச் சொன்னாரா, மெச்சிச் சொன்னாரா என்று தெரியவில்லை. மெச்சியதாகவே எடுத்துக்கொண்டேன்.

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், பேஸ்புக்கில் ஒரு பக்கம், என் வாட்ஸ்அப்பில் தினமும் ஸ்டேட்டஸ். முதல் வீடியோவை எங்கள் வாசலில் எடுத்தோம். நான் முக்கால் நிமிஷம் உயிரைக் கொடுத்துப் பேசினேன். பின்னால் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. வந்த கமெண்ட் எல்லாம் மிளகுக்குத்தான். "என்ன விலை போகுதுங்க?" "நல்லா காஞ்சிருக்குதுங்களா?" "மூட்டை இருந்தா சொல்லுங்க." ஒருவர் மட்டும், "விரலை எடுங்க, மிளகு மறைக்குது" என்று எழுதியிருந்தார்.

இரண்டாவது வீடியோவுக்கு இதயம் இதயமாக வந்து குவிந்தது. பூரித்துப்போய் யார் யார் என்று பார்த்தால், எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், கேரளாவில் எஸ்டேட் வேலைக்குப் போனவர்கள். "சூப்பர் அக்கா, ஊரைப் பாத்த மாதிரி இருக்குது" என்று எழுதினார்கள். வர முடியாதவர்கள் எல்லாரும் ரசித்தார்கள். வர முடிந்தவர்கள் வாயே திறக்கவில்லை.

மூன்றாவதாக, தினம் ஒரு கதாபாத்திரத்தை அறிமுகம் செய்தேன். கூடைக்காரி, சீட்டுப் பிடிக்கிற பெண், பஸ் வராததற்கு அரசாங்கத்தைத் திட்டுகிற பெரியவர். அதில் வேறு வினை வந்தது. மலையில் ஒவ்வொருத்தரும் அது தாங்கள்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். திட்டுகிற பெரியவரை நான் என் கற்பனையில்தான் எழுதினேன். அவரே ஒருநாள் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, என்னைய உட்டுருங்க. நான் இனிமே கவர்மெண்டைத் திட்டமாட்டன்" என்றார்.

அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். அப்போதுதான் உறைத்தது, என் கையில் செல்லைப் பார்த்தால் மலையில் மனிதர்கள் பயப்படுகிறார்கள் என்று. என் மாமாவுக்கு நடந்ததை யாரும் மறக்கவில்லை.

இனி பட்டியலுக்கு வருகிறேன். ஸ்டேட்டஸ் வைத்தால் அதை யார் யார் பார்த்தார்கள் என்று அடியில் காட்டும். முதல்நாள் வைத்துவிட்டுப் பாறைமேலேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒருவர் பார்த்திருந்தார். வட்டத்துக்குள் ஒரு லாரியின் போட்டோ. மாமா.

என் நம்பரை அவர் அழித்திருந்தால் என் ஸ்டேட்டஸ் அவருக்குத் தெரியவே தெரியாது. ஆக, இரண்டு வருடமாக அழிக்கவில்லை. அடுத்த நாளும் பார்த்தார். அதற்கடுத்த நாளும். ஒரு வார்த்தை எழுதவில்லை, ஒரு பொம்மை போடவில்லை. ஆனால் பார்த்தார். நான் போடுவதற்கென்றே எடைமேடையிலோ வேலியோரத்திலோ காத்துக்கொண்டிருந்த மாதிரி உடனே பார்த்தார்.

அதோடு என் விளம்பரத்தின் போக்கே மாறிவிட்டது. நாடகத்தில் ஒரு லாரிக்காரரைச் சேர்த்தேன். பஸ் வராமல் தவிக்கிற அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போகிற உத்தமர். அவரைப் பற்றி மட்டும் மூன்று வீடியோ போட்டேன். "இந்த நாடகத்தில் யாரையும் கிண்டல் செய்யவில்லை" என்று ஒருநாள். "சில பேரைக் கிண்டல் செய்தது தப்பு என்று எழுத்தாளர் கருதுகிறார்" என்று மறுநாள். எழுத்தாளர் நான்தான். டீச்சர் இரண்டு நாள் பொறுத்தார், மூன்றாம் நாள் ஒத்திகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பஸ் நாடகத்துல லாரி எதுக்கு?"

"ஒரு திருப்பம் வேணுமில்லீங்களா?"

"இந்த விளம்பரம் மலைக்கா, ஒரு ஆளுக்கா?"

நான் லாரிக்காரர் துண்டை எடுத்து உதறி மடித்தேன். "அந்த ஆளு ஊடு ஆறு கிலோமீட்டருங்கூட இருக்காது, காலு இருக்குதில்ல?" என்றார் டீச்சர். குழந்தைகளிடம் பேசுகிற அதே குரல்தான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபத்தை மட்டும் வெளியே காட்டினேன். மன்னிப்புக் கேட்பது எனக்கு வராது. மேடையில் எத்தனை பேர் காலில் வேண்டுமானாலும் விழுவேன், வசனம் எழுதியிருந்தால் போதும்.

நாடகத்துக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்தார். எடப்புளி நாட்டுக்காரர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து சிரித்தார்.

"நாடகம் போடறீங்களாமா. செல்லுல தெனமும் பாக்கறமுங்க. நல்லா இருக்குது."

"அப்ப ஞாயித்துக்கிழமை வந்துருவீங்கல்ல?"

அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாங்க எப்படிங்க வர்றது? எங்களைக் கூப்புடலீங்களே."

"செல்லுல போட்டிருக்கமேங்க."

"அது ஊருக்குப் போட்டது. எங்களுக்குச் சொல்லோணுமில்லீங்க?"

எனக்கு ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. எங்கள் மலையில் ஒரு விசேஷத்துக்குச் சொல்வதென்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போகவேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வீட்டில் மூத்தவர் முகத்தைப் பார்த்து, "அவசியம் வந்துருங்க" என்று சொல்லவேண்டும். வழியில் பார்த்துச் சொன்னால்கூடச் சேர்த்தியில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிடவில்லை என்று பாறைமேல் அழுதவளே நான்தானே? செல் கைக்கு வந்ததும் ஊர் வழக்கம் மறந்துபோய்விட்டது. இத்தனை நாளும் நான் மலைக்கே விஷயத்தைத் தெரிவித்துவிட்டு ஒருத்தரைக்கூட அழைக்காமல் இருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை முதல் நடந்தோம். ஆறு பெண்களும் ஆளுக்கொரு பக்கம், கூட அவரவர் வீட்டுக்காரர். என் பங்குக்கு எடப்புளி நாடு வந்தது. டீச்சர்தான் பிரித்துக் கொடுத்தார், தெரியாமல் செய்ததாக முகத்தை வைத்துக்கொண்டார். வீடு வீடாகத் தட்டை நீட்டினோம். வீட்டுக்கு வீடு காபி. நாலாவது வீட்டில் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் குடித்து, ஐந்தாவது வீட்டில் என் வீட்டுக்காரர் மிளகுக் கொடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முதல் வீட்டில் அவர்கள் வெற்றிலை எடுத்துக்கொண்டதும், சும்மா ஒரு ஞாபகத்துக்குக் குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுத்தோம். சாயந்திரம் பாறை ஏறி அதை ஸ்டேட்டஸில் வைத்தேன். "எங்கள் அழைப்பை ஏற்றவர்கள்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். மறுநாள் போகிற வழியெல்லாம் ஜனங்கள் வாசலில் தயாராக நின்றார்கள். தலை சீவி, புடவை மாற்றி, குழந்தைகளுக்குப் பவுடர் போட்டு நின்றார்கள். "எங்க ஊட்டுக்கு எப்ப வாரீங்க?" என்று தெரியாத நம்பரிலிருந்தெல்லாம் போன் வந்தது. ஒரு வீட்டில் மருமகள் படத்தில் பாதி விரலுக்குப் பின்னால் போய்விட்டாள் என்று மாமியாரே கூப்பிட்டுச் சண்டை போட்டார். மறுபடியும் போய் எடுத்துக் கொடுத்தோம். நான் ஒரு மாதமாக முட்டி மோதியும் நடக்காதது அந்தப் போட்டோக்களால் நான்கு நாளில் நடந்துவிட்டது.

நாடகத்துக்குக் கூட்டம் நிச்சயம் என்று புரிந்துவிட்டது. அக்கா வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை.

வியாழக்கிழமை அக்கா ஊர்தான். ஒவ்வொரு வீடாக வந்து, அக்காவின் பக்கத்து வீட்டில் தட்டை நீட்டி, போட்டோவும் எடுத்தோம். அடுத்த வாசல் அக்காவுடையது. லாரி வெளியே நின்றது. "லாரி நிக்குது, ஆளு இருக்கமாட்டாரு" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். லாரி நின்றால் ஆள் இருப்பார் என்பது ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் மிளகுத் தோட்டத்துக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன். அவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

அன்று சாயந்திரம் பக்கத்து வீட்டுப் போட்டோவையும் சேர்த்து வைத்தேன். அதிசயமாக அந்தப் படத்தில் கட்டைவிரல் இல்லை. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மாமாவும் பார்த்திருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பட்டியல் நீண்டுகொண்டே போனது. திருப்பூர், கேரளா, வளப்பூர், செம்மேடு. லாரி போட்டோ மட்டும் வரவில்லை. சிக்னல் இல்லையோ என்று பாறையின் அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்கும் நடந்தேன். பனி இறங்கி, எதிரில் இருக்கிற மரமே தெரியாமல் போகிறவரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வியாழக்கிழமைப் போட்டோவைத் திருப்பி எடுத்துப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருக்கிற பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், மாமாவின் லாரி முழுசாகத் தெரிந்தது. அந்த லாரி வரைக்கும் வந்துவிட்டு நான் திரும்பிப் போனதை மலைக்கே போட்டோ போட்டுக் காட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை, "ஏனுங்க, கிளம்புங்க" என்றேன். என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கவில்லை. வேட்டி கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வாசலில் தயாராக நின்றார்.

அக்கா வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் வீட்டுக்காரரை மட்டும், "வாங்க" என்றாள். என்னைப் பார்க்காமல் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"திங்கக்கிழமையிலிருந்து இந்த மனுசன் வேலியோரம் போயி செல்லைத் தூக்கிப் புடிச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுவாரு, இன்னைக்கு இன்னார் ஊடு, நாளைக்கு நம்ம பக்கம் வந்துருவாங்கன்னு. மூணு நாளா லோடு எறக்கிட்டு வந்த உடனே குளிச்சுப்போட்டு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. போட்டா எடுப்பீங்களாமா. வியாழக்கிழமை நீ பக்கத்து ஊட்டுல பேசுனது இங்க கேட்டுச்சு. செவுத்துக்கு இந்தப் பக்கந்தான் உக்காந்திருந்தாரு. அப்புறம் நீ போற செருப்புச் சத்தமும் கேட்டுச்சு."

அவள் இதை அழாமல் சொன்னாள். நான்தான் அழுதேன். நான் எந்த மேடையிலும் அப்படி அழுததில்லை. அழகாக அழுவது எப்படி என்று எனக்குத் தெரியும். இது மூக்கு ஒழுகுகிற அழுகை.

மாமா வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தார். கிரீஸ் அப்பிய பனியன், கையில் ஸ்பேனர். எங்களைப் பார்த்து நின்றார். வரும் வழியெல்லாம் நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த வசனத்தில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. தட்டை என் வீட்டுக்காரர் கையிலிருந்து வாங்கி நீட்டினேன்.

"மாமா, நாளைக்கு நாடகமுங்க. நீங்க அவசியம் வரோணும். அன்னைக்கு நான் பண்ணுனது தப்புங்க. படத்தைப் போட்டது தப்பு. அக்காகிட்டப் பேசுனது அதைவிடத் தப்பு. நேத்து வாசல் வரைக்கும்... முந்தாநாள் வாசல் வரைக்கும் வந்துட்டுப் போனது எல்லாத்தையும்விடத் தப்பு."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைப் பனியனில் துடைத்து, ஒரு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்துக்கொண்டார். "இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெகு நேரம் வரவில்லை. வெற்றிலை எடுத்துக்கொண்டார் என்றால் மன்னித்தாரா, அல்லது பெண்பிள்ளை அழுகிறாளே என்று எடுத்தாரா? எனக்கு எதுவும் புரியவில்லை. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு பீரோ திறக்கிற சத்தம். அக்கா மிளகைப் பரப்பியதையே திரும்பப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே வந்தார். ஈரத் தலையை வழித்துச் சீவியிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவையும் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"சகலை, விரலைப் பாத்து எடுங்க."

மூன்று தடவை எடுத்தோம். மூன்றாவதில் விரல் ஓரமாகத்தான் இருந்தது, போதும் என்றார். சாயந்திரம் பாறை ஏறி வைக்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. "குடு, இப்பவே போட்டுட்டு வாரேன்" என்று என் செல்லை வாங்கிக்கொண்டு கிழக்கு வேலிக்குப் போனார்.

செல்லைத் தலைக்குமேல் தூக்கினார். குதிகாலை உயர்த்தினார். ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்தார். நான் மேடையில் நடந்தேனே, அதில் பாதிகூட எனக்குச் சரியாக வரவில்லை என்று அப்போது தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். அக்கா மறுபடியும் மிளகுப் பக்கம் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள், தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. வெகு நேரமாகியும் அவர் கையை இறக்கவில்லை.

"ஏறிருச்சுங்களா மாமா?" என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

அவர் செல்லை அண்ணாந்து பார்த்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கவேண்டும். "ஆமாங்க..." என்றார். சொல்லிவிட்டு அப்படியே நின்றார். தன் வாயிலிருந்து வந்தது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு அப்புறம். அக்காவின் கை மிளகின்மேல் அசையாமல் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. மாமா எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தூக்கிய கையை இறக்காமலே சத்தமாக மீதியையும் சொன்னார்.

"...ஆனா இல்லீங்க."

முதலில் சிரித்தது அக்காதான்.